தாய்க்கு இடம் சமையற்கட்டுதானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடலைப் பருவப் பையன்களுக்காக மலையில் நடத்தப்படும் கிறிஸ்தவ முகாம்களைப் பற்றிக் கடந்த ஞாயிறு இணைப்பில் முழுப் பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். படங்கள் அழகு. நடுவில் தீ, சுற்றிலும் பையன்கள், பின்னால் பைன் மரங்கள். "ஆண்பிள்ளையை ஆண்மகனாக்க ஓர் ஆணால்தான் முடியும்" என்ற வரியை மட்டும் பெட்டி கட்டிக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். சொன்னவர் பெயர் இல்லை. ஆகவே அது பத்திரிகையின் கருத்து என்றே எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என் கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் எத்தனை வீடுகளில் தகப்பன்மார் கப்பலிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அவர்கள் பணம் அனுப்புவதற்கான விளம்பரங்களைப் போடுவதே நீங்கள்தான். அந்த வீடுகளில் பையன்களை வளர்ப்பது யாராம்?

போன மே மாதம் என் மகனையும் இப்படியொரு முகாமுக்கு அனுப்பினேன். விண்ணப்பத்தில் 'தகப்பனார் கையொப்பம்' என்று ஒரே ஒரு கட்டம். தாய் கையெழுத்து செல்லாதாம். பாஸ்போர்ட் விண்ணப்பத்திலேயே பெற்றோரில் ஒருவர் பெயர் போதும் என்று 2016 டிசம்பரில் விதி மாறிவிட்டது. அரசாங்கம் இறங்கி வந்த இடத்துக்குச் சபை நடத்தும் முகாம் இன்னும் வந்து சேரவில்லை.

கடைசி இரவு தகப்பன் மகன் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்க வேண்டும், அப்பா வர முடியாவிட்டால் தாய்மாமனை அனுப்புங்கள் என்றார்கள். என் தம்பியை வேலைக்கு விடுப்புப் போடவைத்து அழைத்துப் போனேன். தாய்மார்களுக்கு அரங்கில் அனுமதி இல்லை. 'சமையலுக்குக் கை குறைகிறது, உங்களுக்குப் பிரியமானால்' என்று பணிவாகச் சொன்னார்கள். பணிவுக்குக் குறைவே இல்லை. வெங்காய மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்தோம்.

சற்று நேரத்தில் பரிமாறும் பையன் ஒரு தாளைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினான். மேலே அச்சடித்த ஆசீர்வாத வாசகம், கீழே 'உன்னிடம் நான் காணும் நற்குணங்கள்' என்று சில கோடுகள் வெறுமையாக இருந்தன. ஓரத்தில் தம்பி பென்சிலால் 'அக்கா, என்ன எழுத?' என்று கேட்டிருந்தான். அவன் என்ன செய்வான்? மருமகன் எந்த வகுப்பு என்றுகூட அவனுக்கு நிச்சயமில்லை. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தேன். பாட்டிக்கு இரவில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவன், அடுத்தவன் அடிபட்டால் குறுக்கே போய் நிற்பவன், பொய் சொன்னால் முகத்திலேயே தெரிந்துவிடுகிறவன். தம்பி அதைக் கணீரென்று வாசித்தான். சமையற்கட்டு வரை கேட்டது. உடனே ஒலிபெருக்கியில் பேச்சாளர், 'பார்த்தீர்களா, ஓர் ஆணின் வாயிலிருந்து வரும் வார்த்தைக்கு எத்தனை வல்லமை!' என்றார். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை அச்சில் ஏற்ற முடியாது.

அன்றைய தியானம் லூக்கா இரண்டாம் அதிகாரம். பன்னிரண்டு வயது இயேசு தேவாலயத்தில் போதகர் நடுவில் அமர்ந்திருந்த பகுதி. அங்கே பிள்ளையைப் பார்த்து, "மகனே, ஏன் எங்களுக்கு இப்படிச் செய்தாய்?" என்று கேட்டவள் தாய் மரியாள். அவள் கணவன் யோசேப்பு பேசியதாக ஒரு வார்த்தைகூடச் சுவிசேஷத்தில் இல்லை. தன் இளம் சீடன் தீமோத்தேயுவின் விசுவாசம் எங்கிருந்து வந்தது என்று அப்போஸ்தலன் பவுல் எழுதும்போதும் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும்தான் பெயர் சொல்லி எழுதுகிறார். வேதாகமத்தை நாங்களும் வாசிக்கிறோம் ஐயா.

டோனாவூர் உங்கள் அலுவலகத்திலிருந்து அப்படியொன்றும் தொலைவில்லை. அயர்லாந்திலிருந்து வந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1918 முதல் அங்கே தம் குழந்தைகள் இல்லத்தில் ஆண்பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்தார். அவர்களெல்லாம் ஆண்மகன்களாகாமல் போய்விட்டார்களா? 2013இல் ஆந்திராவில், தென்னிந்தியத் திருச்சபையின் நந்தியால் திருமண்டலத்தில் புஷ்பலலிதா அம்மையார் பேராயரானார். ஒரு பெண் பேராயர் தலையில் கைவைத்து, சபையின் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தலை நடத்தினால் பையன்களுக்குச் செல்லுமா, செல்லாதா என்று உங்கள் நிருபர் முகாம் பேச்சாளர்களிடம் கேட்டிருக்கலாமே.

எங்கள் காலத்தில் திடப்படுத்தல் வகுப்பு உபதேசியார் வீட்டுத் திண்ணையில் நடந்தது. பையன்களும் பெண்களுமாக உட்கார்ந்து பத்துக் கற்பனைகள் எனும் பத்துக் கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் ஒப்பித்தோம். தப்பினால் எல்லோருக்கும் ஒரே குட்டு. கட்டணம் கிடையாது. இப்போது அந்த வகுப்பைப் பெயருக்குச் சில ஞாயிறுகளில் முடித்துவிட்டு, 'பையன் முகாமுக்குப் போகிறானல்லவா, அங்கே பார்த்துக்கொள்வார்கள்' என்கிறார்கள். பெண்பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று கேட்டு முன்பு உங்களுக்கு எழுதிய கடிதம் பிரசுரமாகவில்லை. அந்த வாரம் பிளம் கேக் செய்முறைக்கு அரைப் பக்கம் தேவைப்பட்டிருந்தது. நம் மக்களைப் பற்றி உங்களுக்கு கேக்கையும் சபையார் எல்லோரும் சேர்ந்து உண்ணும் அசனச் சாப்பாட்டையும் விட்டால் வேறு விஷயமே அகப்படுவதில்லை.

இன்னொன்று. ஏழைப் பையன்களின் கட்டணத்தைக் 'கொடையாளர்கள்' ஏற்றார்கள் என்று கட்டுரையில் இருக்கிறது. பல சபைகள் சேர்ந்த எங்கள் சேகரத்தில் அந்தக் கொடையாளர் பெண்கள் சங்கம். விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஊரில் இல்லாத விலைக்கு எடுத்துச் சேர்த்த பணம் அது. முகாம் குழுவில் எங்களில் ஒருவருக்கும் இடமில்லை.

இரவு தங்கும் முகாமில் பையன்களின் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். வைக்கட்டும். கூடப் படுத்துறங்கும் 'ஆவிக்குரிய அண்ணன்மார்' யார், எந்தச் சபை, அவர்களைப் பற்றி யார் விசாரித்தார்கள் என்று கேட்டால் மட்டும், 'ஜெபித்துத்தான் தெரிந்தெடுத்தோம் சிஸ்டர்' என்று பதில் வருகிறது. பிள்ளைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012இலேயே வந்துவிட்டது. முழுப் பக்கக் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி உண்டா?

தாங்கள் மறுப்போ வருத்தமோ வெளியிட வேண்டாம். அடுத்த கோடைக்கு இந்த முகாம்களின் அறிவிப்பு உங்கள் பத்திரிகையில் வரும்போது, கட்டணம் எவ்வளவு, பையன்களோடு தங்கும் பொறுப்பாளர்கள் யார், தாயின் கையொப்பம் ஏற்கப்படுமா என்ற மூன்று விவரங்களையும் கேட்டு வாங்கிச் சேர்த்துப் போடுங்கள். என் இளையவனுக்கு வரும் மே மாதம் முகாமுக்கான வயது வருகிறது. அவன் அப்பாவுக்கு அப்போதும் லீவு கிடையாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாசரேத் (தூத்துக்குடி மாவட்டம்)