பெற்றோர்களுக்கு: காலாண்டு விடுமுறையும் ஆற்றுக் காசும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. கபடியில் இரண்டாமிடம், ஓவியப் போட்டியில் மூன்று பரிசுகள். குடிநீர்த் தொட்டியும் சரிசெய்தாகிவிட்டது. எல்லோருக்கும் வாழ்த்துகள். பள்ளி திறக்கும் தேதி டைரியில் இருக்கிறது.

அடுத்து ஒரு விஷயம். சென்ற மாதம் எட்டாம் வகுப்புக்கு ரோமானிய வெள்ளிக் காசுகளைத் திரையில் காட்டினோம். காட்டியது நான்தான். ரோமப் பேரரசர் அகஸ்டஸின் காசில் பின்பக்கம் கேடயமும் ஈட்டியுமாக இரண்டு பையன்கள் நிற்பார்கள். அவருடைய மகள் வயிற்றுப் பேரன்கள், கயஸும் லூசியஸும். வாரிசாகத் தத்தெடுத்த இருவரும் தாத்தாவுக்கு முன்பே போய்விட்டார்கள் என்றதும் வகுப்பே அமைதியாகிவிட்டது. அடுத்த பேரரசர் டைபீரியஸின் காசில் கையில் கிளையோடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள்; அது டைபீரியஸின் தாயார் லிவியா என்பார்கள். கொங்கு நாட்டில் அதிகம் கிடைத்தவை இந்த இரு பேரரசர்களின் காசுகள்தான், நம் அமராவதி ஆற்றிலும் கிடைத்திருக்கின்றன என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

மறுநாள் முதல் புத்தகப் பையில் சல்லடை வருகிறது. சாயங்காலம் பெல் அடித்ததும் நேராக ஆற்றுக்குத்தான். இதற்கிடையில் ஒரு மாணவன் தாத்தா வைத்திருந்த காசு என்று ஒன்றைக் கொண்டுவந்தான். பளபளவென்று இருக்கட்டும் என வீட்டில் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். நாலு கிராம்கூடத் தேறாத காசு. அரசர் மூக்கும் போய், சுற்றியிருந்த எழுத்தும் போய், வெறும் வெள்ளித் தகடுதான் மிச்சம். "சார், என்ன விலைக்குப் போகும்?" என்று போன் செய்த பெற்றோர்களும் உண்டு, அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மணல் அள்ளிய குழிகளின் ஆழம் பிள்ளைகளுக்குத் தெரியாது. இனிமேல் சல்லடையோடு பிடிபடும் மாணவனின் பெற்றோர் நேரில் வந்த பிறகுதான் அவன் வகுப்புக்குள் போக முடியும். மண்ணுக்குள் கிடைக்கும் பழம்பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878 புதையல் சட்டம். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. விற்க நினைப்பவர்களும் இதைப் படித்துக்கொள்ளுங்கள்.

ஆர்வத்தைக் கெடுக்க எனக்கு மனமில்லை. விடுமுறை முடிந்து ஒரு சனிக்கிழமை எட்டாம் வகுப்பைக் கரூர் அரசு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போகிறோம்; ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு அனுப்புங்கள். ஆற்றோரம் நின்று பிள்ளைகளை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய டீக்கடை அண்ணனுக்கும், சல்லடையை வாங்கி வைத்துக்கொண்ட அம்மாக்களுக்கும் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்