ஓட்டு இல்லாதவளுக்கும் மூன்று நிமிடம்

ஹூஸ்டன்,
டிசம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலம்தானே? அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று தனியாக எழுது. போனில் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்கிறாள்.

போனில் பேசும்போது, "உங்க ஊர்ல அரசுப் பள்ளிக்கூடத்த யாருடி நடத்துறாங்க, செய்தியில எப்பப் பார்த்தாலும் அதுக்கு ஒரு சண்டை?" என்று கேட்டாய். போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. நீ தினமும் வகுப்பில் நிற்பவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

டெக்சஸில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. நம் மாவட்டம் மாதிரி நினைத்துக்கொள்ளாதே. கலெக்டர், தாசில்தார் யாரும் இதில் வரமாட்டார்கள். பள்ளிகளை நடத்துவதற்கென்றே எல்லை பிரித்த தனி அமைப்பு இது. பெரும்பாலான மாவட்டங்களில் ஏழு பேர் கொண்ட ஸ்கூல் போர்டு. ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். சம்பளம் கிடையாது. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் கூட்டத்துக்கு வருகிறவர்கள்தான் அதிகம். சூப்பரின்டென்டென்ட்டை (மாவட்டப் பள்ளிகளின் தலைமை நிர்வாகி) நியமிப்பது, வரி விகிதம் வைப்பது, பட்ஜெட் போடுவது எல்லாம் அவர்கள் கையில். உங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பெற்றோர் உட்காருகிறார்கள், ஆனால் வரி போடுகிற அதிகாரம் அதற்கு இல்லையே.

பணத்தில் ஒரு பங்கு மாநிலத்தின் கதை, இன்னொரு பங்கு வீட்டுச் சொத்துவரியின் கதை. எங்கள் வீட்டு வரிச் சீட்டைப் பிரித்தால் அதில் பெரிய தொகை பள்ளிக்குத்தான் போகிறது. வீட்டு விலை ஏறிய ஊரில் பள்ளி செழிக்கும், ஏழைகள் வாழும் ஊரில் அதே வரி விகிதத்துக்குச் சில்லறைதான் தேறும். சான் அன்டோனியோ நகரத்து எட்ஜ்வுட் என்ற ஏழை மாவட்டம் இதை எதிர்த்து வழக்குப் போட்டது. இப்படிப் பணம் பிரிப்பது செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1989-இல் தீர்ப்புச் சொன்ன பிறகுதான், வசதியான மாவட்டங்களின் வரியில் ஒரு பங்கை மாநிலம் எடுத்துக்கொள்ளும் சட்டம் 1993-இல் வந்தது. அதனால் மாநிலம் பள்ளி விஷயத்தில் தலையிடவே கூடாது என்று சொல்கிறவள் இல்லை நான். அது தலையிடாமல் இருந்திருந்தால் எட்ஜ்வுட் பிள்ளைகளுக்கு எதுவும் கிடைத்திருக்காது.

மாநிலச் சட்டமன்றம் ஆஸ்டினில் கூடுகிறது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, ஒற்றைப்படை ஆண்டில், 140 நாள்தான் வழக்கமான கூட்டம். இந்த ஆண்டு பள்ளிகளைப் பற்றி அப்படி ஒரு வேகத்தில் சட்டம் போட்டார்கள். அதில் ஒன்று செல்போன் தடை. பள்ளி நேரம் முழுக்கப் போனைத் தொடக்கூடாது. பெரியவன் முதல் இரண்டு வாரம் முறைத்துக்கொண்டே இருந்தான். இப்போது மதியச் சாப்பாட்டு நேரத்தில் செஸ் ஆடுகிறானாம், ஆங்கிலம் சரியாக வராத ஒரு வியட்நாம் பையன் கூட்டாளி. இந்தச் சட்டத்துக்கு நான் இரண்டு கையாலும் கும்பிடு போடுவேன்.

மற்றவை அப்படி இல்லை. தனியார் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்கு அரசுப் பணம் கொடுக்கும் சட்டத்தில் ஆளுநர் கிரெக் அபாட் மே மாதம் கையெழுத்துப் போட்டார். நூறு கோடி டாலர். ஒரு பிள்ளைக்குப் பத்தாயிரம் டாலர் அளவில், அடுத்த கல்வியாண்டிலிருந்து. அரசுப் பள்ளிகளுக்கும் இந்த முறை சுமார் 850 கோடி கொடுத்தார்கள், அதை மறைக்கக்கூடாது. ஆசிரியர் சம்பளம் கூடியிருக்கிறது. ஆனால் ஒரு மாணவனுக்கு இவ்வளவு என்று வைத்திருக்கும் அடிப்படைத் தொகை 2019-இலிருந்து 6,160 டாலரிலேயே நின்றது. விலைவாசி எங்கேயோ போய்விட்டது. அதில் இப்போது ஏற்றியது 55 டாலர். அதிலும் வருகைப் பதிவை வைத்துத்தான் பணம். காய்ச்சலில் பிள்ளைகள் வராத வாரத்திலும் ஆசிரியருக்குச் சம்பளமும் பஸ்ஸுக்கு டீசலும் வேண்டுமே?

நூலகத்துக்கும் ஒரு சட்டம். புதிதாக வாங்கப்போகும் புத்தகங்களின் பட்டியலை 30 நாள் எல்லோரும் பார்க்கும்படி போட்டுவைத்து, பிறகு போர்டு ஒப்புதல் தரவேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில், நூலகர் செப்டம்பரில் கேட்ட புத்தகம் பிள்ளையின் கைக்கு எப்போது வரும் என்று அவருக்கே தெரியவில்லை.

அந்த நூலகரால்தான் நான் முதன்முதலாக போர்டு கூட்டத்துக்குப் போனேன். பட்ஜெட் இடிக்கிறது என்று சின்னவளின் தொடக்கப் பள்ளியில் நூலகர் பதவியை எடுக்கப் பார்த்தார்கள். நமக்கு ஓட்டு கிடையாது, அக்கா. குடியுரிமை பெற்றவர்களுக்குத்தான். இவர் விசாவில் இருக்கிறார், நான் அவரை ஒட்டி இருக்கிறேன், கிரீன் கார்டு வரிசை நகரும் வேகம் உனக்கே தெரியும். வரி மட்டும் தவறாமல் கட்டுகிறோம். ஆனால் கூட்டத்தில் பேச ஓட்டு தேவையில்லை. நிகழ்ச்சி நிரலில் இருக்கும் எந்த விஷயத்தைப் பற்றியும் பேச விரும்புகிறவர்களைப் பேச விடவேண்டும் என்று 2019-இல் மாநிலமே சட்டம் போட்டிருக்கிறது.

மேடையில் வளைவான மேசை, ஏழு நாற்காலி, ஏழு பெயர்ப் பலகை. கீழே மைக். பக்கத்தில் ஒரு சிறு விளக்கு: பச்சை, கடைசி முப்பது விநாடிக்கு மஞ்சள், அப்புறம் சிவப்பு. ஆளுக்கு மூன்று நிமிடம். எனக்கு முன்னால் பேசிய லாரி டிரைவர் ஒருவர், பஸ் தடத்தை மாற்றியதால் தன் மகள் நடைபாதை இல்லாத சாலையில் நடக்கிறாள் என்று போனில் எடுத்த படத்தைத் தூக்கிக் காட்டினார். எனக்குப் பின்னால் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது எழுபதுக்கு மேல் இருக்கும். நான், சின்னவள் இந்த ஊருக்கு வந்த வருஷம் யாரோடும் பேசாமல் நூலகத்திலேயே உட்கார்ந்திருந்ததையும், அந்த நூலகர் படம் மட்டும் உள்ள புத்தகங்களாக எடுத்துக் கொடுத்து அவளைப் பேச வைத்ததையும் சொன்னேன். என் உச்சரிப்பு அவர்களுக்குப் புதிதாக இருந்திருக்கும். ஆனாலும் ஒரு பெண் உறுப்பினர் குறிப்பு எடுத்துக்கொண்டே கேட்டார். கடைசியில் பதவி போகவில்லை. இரண்டு பள்ளிக்கு ஒரு நூலகர் என்று ஆக்கினார்கள். முழு வெற்றி இல்லை. ஆனால் வாரத்தில் பாதி நாள் அந்த அறை திறந்திருக்கிறது.

எனக்கு ஓட்டு இல்லாவிட்டாலும், எனக்குப் பின்னால் நின்ற அந்த டீச்சரம்மாவுக்கு உண்டு. அடுத்த தேர்தலில் அவர் முன்னால் போய் நிற்க வேண்டும் என்று அந்த ஏழு பேருக்கும் தெரியும். அதனால்தான் என் பேச்சுக்கும் அங்கே மதிப்பு.

நாங்கள் இருப்பது வேறு பள்ளி மாவட்டம். ஹூஸ்டன் நகரத்துப் பள்ளி மாவட்டத்தில் அந்தத் தேர்தல் பயம்தான் போயிற்று. டெக்சஸிலேயே பெரிய பள்ளி மாவட்டம் அது. மாநிலம் போடும் தரப்பட்டியலில் ஒரு பள்ளி தொடர்ந்து ஐந்து ஆண்டு தேறாவிட்டால் அதை மூட வேண்டும், இல்லையென்றால் மாவட்டத்தின் போர்டையே மாநிலம் எடுத்துக்கொள்ளும் என்று 2015-இல் ஒரு சட்டம் வந்தது. அதற்காகப் பாடுபட்ட சட்டமன்ற உறுப்பினர் ஹரால்ட் டட்டன் ஹூஸ்டன்காரர்தான். வீட்லி உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். தன் பகுதிப் பிள்ளைகளை போர்டு பல வருஷமாகக் கைவிட்டுவிட்டது என்பது அவர் கோபம், அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கடைசியில் அதே வீட்லி பள்ளியை வைத்துத்தான் சட்டம் பாய்ந்தது. வழக்கு நடந்த காலத்தில், 2022-இல், அந்தப் பள்ளி தேறியும்விட்டது. இருந்தும் 2023 ஜூனில், மக்கள் தேர்ந்தெடுத்த ஒன்பது பேரையும் ஒதுக்கிவிட்டு, ஆளுநர் நியமித்த கல்வி ஆணையர் மைக் மோரத் தன் சார்பில் ஒரு குழுவையும் மைக் மைல்ஸ் என்ற சூப்பரின்டென்டென்ட்டையும் உட்கார வைத்தார்.

பல பள்ளிகளில் பாடம் மேலிருந்து தயாராக ஸ்லைடாக வருகிறது, அன்றன்றைக்கு ஒரு குட்டித் தேர்வு. அந்தப் பள்ளிகளில் ஆசிரியருக்குச் சம்பளம் கூடுதல், ஆனால் விலகிப் போனவர்களும் ஏராளம். பல பள்ளிகளில் நூலகத்தை மூடி, வகுப்பில் குழப்பம் செய்யும் பிள்ளைகளை அனுப்பும் அறையாக மாற்றினார்கள். மதிப்பெண் ஏறியிருக்கிறது, உண்மை. இந்த ஆண்டு தரப்பட்டியலில் தோற்ற பள்ளி ஒன்றுகூட அங்கே இல்லை. பின்தங்கிய பகுதிப் பிள்ளைக்குக் கணக்கு வந்தால் அதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் 2024 நவம்பரில் பள்ளிக் கட்டடங்களுக்கு 440 கோடி டாலர் கடன் எடுக்க ஊரிடம் ஒப்புதல் கேட்டபோது, ஓட்டுப் போட்டவர்களில் நூற்றுக்கு 58 பேர் வேண்டாம் என்றார்கள். பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பதும் அந்தப் பணத்தில் இருந்தது. பெற்றோர் இப்போதும் மைக்கில் பேசலாம். கேட்கிறவர்களுக்கு மட்டும் அந்த ஊரில் தேர்தல் இல்லை. முடிய வேண்டிய ஏற்பாட்டை 2027 ஜூன் வரை நீட்டியும்விட்டார்கள். அக்டோபரில் ஃபோர்ட் வொர்த் மாவட்டத்தையும் எடுப்பதாக அறிவித்தாயிற்று.

பள்ளி தோற்றால் ஆஸ்டின் வரட்டும், பணம் தரட்டும், நல்ல ஆசிரியரை அனுப்பட்டும். ஊர்க்காரர்கள் கேள்வி கேட்கும் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

ஜனவரிக் கூட்டத்துக்கு மறுபடி பெயர் கொடுக்கப்போகிறேன். அந்த லாரி டிரைவரின் மகள் நடக்கும் சாலையில்தான் பெரியவனும் சைக்கிள் ஓட்டுகிறான், அதனால் இந்த முறை பஸ் தடம்தான் பேச்சு. உன் பள்ளியில் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் பெற்றோர் நிஜமாகவே வருகிறார்களா, வந்தால் வாய் திறக்கிறார்களா? விவரமாக எழுது. அம்மாவுக்குத் தைலமும் முட்டி உறையும் பார்சலில் போட்டிருக்கிறேன், பொங்கலுக்குள் வந்துவிடும். அத்தானுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் தங்கை