அறுபது ஃபார்ம்

அன்பு மகள் தேவிக்கு,

நேற்று நீ போனில் அலுத்துக்கொண்டது மனசிலேயே நிற்கிறது. "ஆராய்ச்சின்னு சேர்ந்தேம்மா, அறுபது பேர்கிட்ட ஃபார்ம் வாங்கி எக்ஸெல்ல ஏத்துறதுதான் வேலை" என்றாய். 1879இல் ஜெர்மனியின் லைப்சிக்கில் வுண்ட் என்பவர் உளவியல் ஆய்வுக்கூடம் தொடங்கியபோது மாணவர்களே ஒருவர் சோதனைக்கு ஒருவர் உட்கார்ந்தார்கள் என்று போன தீபாவளிக்கு எனக்குப் பாடம் எடுத்தவள் நீ!

2011 பிப்ரவரியில் சென்சஸுக்கு எனக்கு மேலத்தெரு. ஒரு வீட்டில், பிள்ளைகள் எத்தனை என்று கேட்டேன். "ரெண்டு." பிறந்த குழந்தைகள், உயிரோடு இருப்பவர்கள் என இரண்டு கேள்விக்கும் 2 போட்டுவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டேன். சொம்பை நீட்டியபடியே அந்த அம்மா, "மூத்தவன் ஒருத்தன் இருந்தான் டீச்சர், கிணத்துல போயிட்டான்" என்றார். தாகம் எடுக்காமல் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை கணக்கிலேயே வந்திருக்க மாட்டான். ஃபார்ம் வாங்குவது லேசுப்பட்ட வேலையா, சொல்.

நீ அனுப்பிய மனச்சோர்வுக் கேள்வித்தாளைப் படித்தேன். ஒன்பது கேள்வி, போன இரண்டு வாரத்தைப் பற்றி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. ஒருவர் தமிழாக்குவார், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார், பிறகு ஒத்துப்பார்ப்பார்கள் என்றாய். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் தெருவில் யாரடி "ஆர்வமின்மை" என்கிறார்கள்? "எதுலயும் மனசு ஒட்டல" என்பார்கள். இதை உங்கள் மேடத்திடம் சொல். அடுத்த ஆய்வில் தமிழாக்கத்துக்கு என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வாய்விட்டுக் கேள். கூச்சப்பட்டு நின்றால் எக்ஸெல்தான்.

ஒன்பதாவது கேள்விதான் எனக்குப் பயம். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது என ஒருவர் சொல்லிவிட்டால், ஃபார்மை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிடாதே. உடனே யாரிடம் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவை. டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416உம் கையில் இருக்கட்டும்.

அப்பாவுக்கு வேறு கணக்கு. நெட் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் என்று பேப்பரில் பார்த்ததிலிருந்து டீக்கடை வரை சொல்லியாகிவிட்டது. எப்போது போர்டு மாட்டுவாள் என்று பெரியப்பா கேட்டார். எம்எஸ்சி மட்டும் போதாது, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட ஆர்சிஐ என்கிற இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும் என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

கேள்வித்தாளில் பென்சிலால் குறித்து அனுப்பியிருக்கிறேன். எட்டாவது கேள்வியை எதிர்வீட்டு அத்தையிடம் படித்துக் காட்டினேன். "மெதுவா பேசுறேனா, பரபரன்னு அலையுறேனா, ரெண்டையும் ஒண்ணா கேட்டா எதுக்குடி பதில் சொல்றது?" என்கிறார். அதையும் மேடத்திடம் கேட்டு எழுது.

அன்புடன்,
அம்மா