விசாவோடு முடிவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மனிக்குச் செல்லும் செவிலியர்கள் பற்றிக் கடந்த இதழில் வெளியான கட்டுரையை நாகர்கோவிலிலிருந்து என் தங்கை அனுப்பியிருந்தாள். பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு ஜெர்மன் வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். அவளும் உடன் படிப்பவர்களும் அதை வரி விடாமல் படித்திருக்கிறார்கள். நான் சில ஆண்டுகளாக இங்கே ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் பணியாற்றுகிறேன் என்பதால் இதை எழுதத் தோன்றியது.

கட்டுரை பொய் சொல்லவில்லை. இங்கே செவிலியருக்குத் தட்டுப்பாடு இருப்பது உண்மை. இந்தியத் திறன்பணியாளர்களுக்கான விசா எண்ணிக்கையை ஆண்டுக்கு 20,000இலிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக 2024 அக்டோபரில் ஜெர்மன் அரசு அறிவித்ததும் உண்மை. ஆனால் கட்டுரை சென்னை விமான நிலையத்தோடு நின்றுவிட்டது. கஷ்டம் தொடங்குவதே அதற்குப் பிறகுதான்.

செவிலியர் பணியை இங்கே அரசு அங்கீகாரம் இல்லாமல் செய்ய முடியாது. ஆகவே நம்மவர்களில் பலர் முழுச் செவிலியராக வந்திறங்குவதில்லை. குடியிருப்புச் சட்டத்தின் 16டி பிரிவின்கீழ், படிப்புக்கு அங்கீகாரம் வாங்குவதற்காகத் தரப்படும் அனுமதியில் வருகிறார்கள். முதலில் 24 மாதம் வரை தருவார்கள். மேலும் 12 மாதம் நீட்டிக்கலாம், அதற்கு மேல் இல்லை. அங்கீகாரம் கைக்கு வரும்வரை உதவியாளர் வேலைதான், உதவியாளர் சம்பளம்தான். திருநெல்வேலியில் ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டர் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர் இங்கே காலை உணவுத் தட்டு எடுத்துக் கொடுப்பார், குளிப்பாட்டிவிடுவார். மற்றதற்கெல்லாம் பக்கத்தில் நிற்கும் தகுதி பெற்ற செவிலியரின் முகத்தைப் பார்க்க வேண்டும். முதியோர் பராமரிப்பு நிலையங்களுக்கு 2025 ஜூலையில் வந்த குறைந்தபட்ச ஊதியப்படி, தகுதி பெற்ற செவிலியருக்கு மணிக்கு 20.50 யூரோ, பயிற்சி பெறாத உதவியாளருக்கு 16.10 யூரோ. கட்டுரையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்த சம்பளம் முன்னவருக்கு உரியது. அதை நம்பி முதல் மாதத்திலிருந்தே வங்கித் தவணை கட்டத் திட்டம் போடுபவர்கள் என்ன செய்வார்கள்?

அங்கீகாரம் எப்படி நடக்கிறது என்பதைத்தான் கட்டுரையாளர் விரிவாக எழுதியிருக்க வேண்டும். 16 மாநிலங்களும் அவரவர் அலுவலகம் வைத்து இதைச் செய்கின்றன. நம் மதிப்பெண் பட்டியலையும் பயிற்சிக் கணக்கையும் ஜெர்மன் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டு, எதில் எத்தனை மணி நேரம் குறைகிறது என்று கடிதம் அனுப்புவார்கள். என்னோடு தங்கியிருந்த பெண்ணுக்கு வந்த கடிதத்தைப் பார்த்திருக்கிறேன். வகுப்பறை மணி ஒரு பக்கம், வார்டு மணி ஒரு பக்கம் என்று கட்டம் கட்டி, முதியோர் பராமரிப்புக்கு எதிரே பெரிய துண்டு விழுந்திருந்தது. அந்த மணிகளை அவள் வேலை செய்யாமல் இல்லை. அவள் படித்த கல்லூரி எல்லாவற்றையும் ‘மெடிக்கல் சர்ஜிக்கல் நர்சிங்’ என்ற ஒரே தலைப்பில் சேர்த்துப் போட்டுவிட்டது. பிரித்து எழுதிக் கொடுங்கள் என்று இங்கிருந்து கேட்டால், முதல்வர் மாறிவிட்டார், பழைய பதிவேடு மாடியில் இருக்கிறது, நேரில் வந்தால் பார்க்கலாம் என்ற பதில்தான் வரும். ஊரில் இருக்கும்போதே, பாடவாரியாக மணிக்கணக்கு போட்ட சான்றிதழைப் பக்கத்துக்குப் பக்கம் முத்திரையோடு வாங்கி வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். மொழிபெயர்ப்பாளர்கள் இங்கே இடைவெளியையும் சேர்த்து 55 எழுத்தை ஒரு வரி என்று கணக்கிட்டு வரிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குவார்கள் என்பதால், கேட்காத தாளையெல்லாம் மொழிபெயர்க்கக் கொடுக்கவும் வேண்டாம்.

பெயர் விஷயம் நமக்கென்றே வாய்த்த தொல்லை. பட்டத்தில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்து, கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரில் கணவர் பெயர். மூன்றும் ஒரே ஆள்தான் என்று ஜெர்மன் அதிகாரியை நம்பவைக்க உறுதிமொழிப் பத்திரம் தேவைப்படும். கிளம்புவதற்கு முன்னே இதைச் சரிசெய்துவிட வேண்டும்.

குறை தெரிந்த பிறகு இரண்டு வழி. ஒன்று, விடுபட்ட மணிகளை மருத்துவமனையிலும் பள்ளியிலும் பயிற்சியாக முடிப்பது. மற்றொன்று, வாய்மொழியும் செய்முறையும் கொண்ட தேர்வுக்குப் போவது. 2024 முதல், மணிக்கணக்கு ஒப்பீடே வேண்டாம் என்று விட்டுக்கொடுத்து நேராக இவற்றில் ஒன்றுக்குப் போகவும் சட்டம் இடம் தருகிறது. தேர்வில் தவறினால் ஒரே ஒருமுறைதான் மறுவாய்ப்பு. பயிற்சி வழி நீளம், ஆனால் மொழி இன்னும் படியாதவர்களுக்கு அதுவே நல்லது என்பேன். பலர் அவசரப்பட்டுத் தேர்வைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நோயாளியின் பேச்சைப் பாதி புரிந்துகொண்டு தேர்வாளர் முன் நிற்பது பாவம்.

இந்தத் தாமதத்தின் விலை சம்பளத்தோடு போவதில்லை. அங்கீகாரம் வந்ததும் 16டி அனுமதி, 18ஏ பிரிவின்கீழ் திறன்பணியாளர் அனுமதியாக மாறும். நிரந்தரக் குடியிருப்புக்கு, திறன்பணியாளர் அனுமதியில் மூன்று ஆண்டு இருக்க வேண்டும் என்கிறது 18சி பிரிவு. 16டி அனுமதியில் கழிந்த காலம் அந்த மூன்று ஆண்டில் சேராது. “போய் மூன்று வருஷம் ஆயிற்றே, பி.ஆர். வரவில்லையா?” என்று ஊரில் கேட்கும் மாமிகளுக்கு இதை எப்படி விளக்குவது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

இன்னொரு பயம், குடியிருப்பு அனுமதி அட்டை காலாவதியாவது. பல நகரங்களில், அந்த அனுமதியைத் தரும் வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதற்காக நடுங்க வேண்டாம். காலாவதி நாளுக்கு முன் புதுப்பிக்கும் விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய அனுமதி தொடர்வதாகவே சட்டம் கொள்கிறது. அதற்குச் சான்றாக மடிக்கிற தாள் ஒன்று தருவார்கள். உள்ளே மூன்று சிறு கட்டங்கள் இருக்கும். 81ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு என்ற கட்டத்தில் குறி போட்டிருந்தால் வேலையும் தொடரலாம், ஊருக்குப் போய்த் திரும்பியும் வரலாம். 3ஆம் உட்பிரிவுக் கட்டத்தில் குறி இருந்தால், வெளியே போனவர் அந்தத் தாளைக் காட்டித் திரும்ப நுழைய முடியாது. பொங்கலுக்கு டிக்கெட் போடுவதற்கு முன் அந்தக் கட்டத்தைப் பார்ப்பது நல்லது. முக்கியமான கடிதங்கள் தபாலில்தான் வரும் என்பதால், வாடகை வீட்டின் தபால் பெட்டியில் நம் பெயர் ஒட்டியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும்.

ஒப்பந்தம் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. 16டி அனுமதியில் இருப்பவர் நினைத்தபோது வேறு மருத்துவமனைக்குத் தாவ முடியாது. வெளிநாட்டவர் அலுவலகத்தின் சம்மதம் வேண்டும். இது தெரிந்த சில முதலாளிகள், குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் மொழி வகுப்புச் செலவையும் விமான டிக்கெட்டையும் திருப்பிக் கட்ட வேண்டும் என்று எழுதி வாங்குகிறார்கள். அப்படி எழுதியதெல்லாம் செல்லுமா என்பதை இங்குள்ள தொழிலாளர் நீதிமன்றம்தான் சொல்லும், கையெழுத்து போட்டாயிற்றே என்று யாரும் அடங்கிப்போக வேண்டியதில்லை. ‘ஃபேர் இன்டெகிரேஷன்’ என்ற ஆலோசனை மையங்கள் எல்லா மாநிலங்களிலும் உண்டு, காசு வாங்குவதில்லை. 2026 ஜனவரி முதல், வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கும் முதலாளி இத்தகைய இலவச ஆலோசனை இருப்பதைத் தொழிலாளியிடம் வேலையின் முதல் நாளுக்குள் தெரிவித்தாக வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது.

முகவருக்கு ஐந்து லட்சம், ஆறு லட்சம் கொடுப்பது ‘வழக்கமான செலவு’ என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. இந்தியச் சட்டப்படி பதிவு பெற்ற ஆட்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. விசாவுக்குத் தூதரகம் வாங்குவது 75 யூரோ. விசாவை விரைவுபடுத்தும் 411 யூரோ நடைமுறைக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் இங்குள்ள முதலாளி. செவிலியரிடம் ஆட்சேர்ப்புச் செலவு வாங்காத நிறுவனங்களுக்கு ஜெர்மன் அரசு 2022 முதல் தரமுத்திரை கொடுத்துவருகிறது. பட்டியல் இணையத்தில் இருக்கிறது. மீதி லட்சங்கள் எதற்கு என்று கட்டுரையாளர் ஒரு முகவரிடமாவது கேட்டிருக்கலாம்.

அந்தக் கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்தில் ‘100 சதவீத வேலை உறுதி’ என்று முழுப்பக்க விளம்பரம். தேடிப் பார்த்தேன், முகவரின் பதிவு எண் எங்கும் இல்லை. எண் இல்லாத விளம்பரங்களை இனி ஏற்க வேண்டாம் என்று தங்கள் விளம்பரப் பிரிவினரிடம் சொல்லுங்கள். இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் எண்ணைப் போட்டுச் சரிபார்க்க அவர்களுக்கு அதிக நேரம் பிடிக்காது. என் தங்கையின் வகுப்பில் இரண்டு பேர் அந்த விளம்பரத்தைப் பார்த்து முன்பணம் கட்டக் கிளம்பியிருக்கிறார்கள். அடுத்த இதழ் வரும் முன் அவர்களை நான் தொலைபேசியில் பிடித்துவிடுவேன், மற்ற வாசகர்களுக்குத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
நாகர்கோவிலைச் சேர்ந்த ஒரு செவிலியர்,
ஜெர்மனி