மெயில் வண்டியை எழுதுகிறீர்கள், ராத்திரி பாசஞ்சரை யார் எழுதுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீராவி ரயில்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். போட் மெயில், தனுஷ்கோடி, பாம்பன் பாலம், எழும்பூர் நிலையத்தின் சிவப்புக் கட்டடம் எல்லாம் அதில் இருந்தன. அவற்றை எழுதியதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் கையில் காசு குறைந்தவர்களை அந்தக் காலத்தில் தொலைதூரம் ஏற்றிச் சென்ற ராத்திரி பாசஞ்சரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. விழுப்புரம் லோகோ ஷெட்டில், அதாவது என்ஜின் கொட்டகையில், கிளீனராகச் சேர்ந்து, என்ஜின் நெருப்பைக் கவனிக்கும் இரண்டாவது பயர்மேன், முதல் பயர்மேன் என்று படிப்படியாக ஏறி, டிரைவராக ஓய்வுபெற்றவன் நான். அந்த வரியை நான்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

நான் வேலை பார்த்தது மெயின் லைனில். விழுப்புரத்திலிருந்து கடலூர், சிதம்பரம், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்குப் போகும் பழைய மீட்டர் கேஜ் பாதை அது. விருத்தாசலம், அரியலூர் வழியாகப் போகும் கார்டு லைன் என்ற குறுக்குப் பாதை தூரம் குறைவு என்பதால் அவசர வண்டிகள் பல அந்தப் பக்கம் போய்விடும். 1965-ல் தாம்பரம்–விழுப்புரம் பாதையில் மின்சாரம் வந்தபிறகு, எழும்பூரிலிருந்து மின்சார என்ஜின் இழுத்துவந்த வண்டியை விழுப்புரத்தில் நாங்கள் ஏற்றுக்கொள்வோம். அங்கே எங்கள் ஒய்.பி. ரக நீராவி என்ஜினைக் கோப்பார்கள். அதன்பிறகு வண்டி ஊர் ஊராக நிற்கும். பண்ருட்டி, நெல்லிக்குப்பம், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, வல்லம்படுகை, கொள்ளிடம், ஆனந்ததாண்டவபுரம், குத்தாலம், ஆடுதுறை, பண்டாரவாடை, பசுபதிகோவில் என்று இருட்டுக்குள் ஒவ்வொன்றாக வரும்.

மெயிலைவிடப் பாசஞ்சருக்குக் கரி போடுவதுதான் கடினம். வெளியே இருப்பவர்கள் இதை நம்புவதில்லை. மெயில் ஒருமுறை வேகம் பிடித்துவிட்டால் நீராவிச் செலவு சீராக இருக்கும். நெருப்பை ஒரே கனத்தில் பரப்பி வைத்துக்கொண்டு, அளந்து அளந்து கரி வீசினால் போதும். பாசஞ்சரோ சில கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்ற நிலையிலிருந்து கிளம்ப வேண்டும். கிளம்பும்போது என்ஜின் இழுக்கும் மூச்சில் நெருப்பு கிழிந்துபோகும். கிழிந்த இடத்தில் கரி போட்டு அது பற்றிக்கொள்வதற்குள் அடுத்த ஸ்டேஷன் வந்துவிடும். நின்றவுடன் அழுத்தம் மளமளவென ஏறி சேஃப்டி வால்வு சீறத் தொடங்கினால், அரும்பாடுபட்டுக் காய்ச்சிய நீராவி வீணாக ஆகாயத்துக்குப் போகிறது என்று பொருள். டிரைவர் ஒரு பார்வை பார்ப்பார், அது போதும்.

ஒற்றைப் பாதை என்பதால் எதிர்வண்டிக்காகவும், பின்னால் வரும் எக்ஸ்பிரஸுக்கு வழிவிடவும் ஸ்டேஷனில் பக்கப் பாதையான லூப் லைனில் காத்துக்கிடக்க வேண்டியிருக்கும். அப்போது நெருப்புக்குக் காற்று விடும் டாம்பரை மூடி, நெருப்பை அடக்கி, கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தைக் கவனித்துக்கொண்டே உட்கார்ந்திருப்போம். கைகாட்டி இறங்கும் நேரத்தில் அழுத்தம் முழுதாக இருந்தாக வேண்டும். இரண்டாவது பயர்மேன், என்ஜினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் இருக்கும் டெண்டருக்குள் நின்று பெரிய கரிக்கட்டிகளைச் சுத்தியால் உடைத்து முன்னால் தள்ளிக்கொண்டே இருப்பான். தண்ணீர் பிடிக்கும் ஸ்டேஷனில் ஓய்வு என்று நினைக்க வேண்டாம். அந்த நேரத்தில்தான் கட்டிதட்டிய கசடை நீளக் கம்பியால் உடைத்து இழுப்போம்.

பெட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்பில் பலகை பெஞ்சுதான். 1974-ல் மூன்றாம் வகுப்பை எடுத்துவிட்டார்கள். மறுநாளும் மக்கள் அதே பலகையில்தான் உட்கார்ந்தார்கள், டிக்கெட்டில் இரண்டாம் வகுப்பு என்று இருந்தது. பெட்டிக்கு அடியில் சக்கர அச்சிலிருந்து பெல்ட் வழியாகச் சுற்றும் டைனமோதான் விளக்குக்கு மின்சாரம் தரும். வேகமாக ஓடும் வண்டியில் பாட்டரி நன்றாக ஏறும். நின்று நின்று போகும் வண்டியில் ஏறாது. அதனால் பாசஞ்சரில் நள்ளிரவுக்குமேல் விளக்குகள் மங்கிச் செம்மஞ்சளாகிவிடும்.

அந்த மங்கல் வெளிச்சத்தில் யார் இருந்தார்கள்? கும்பகோணத்து வெற்றிலைக் கூடையோடு வியாபாரிகள், பண்ருட்டிப் பலாப்பழக்காரர்கள், விடியலில் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டிய வழக்காளிகள், நடவு வேலைக்குக் கூட்டமாகப் போகிறவர்கள், விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பும் மாணவர்கள். நாகூர் கந்தூரிக்குப் போகிறவர்கள் மாயவரத்தில் இறங்கித் திருவாரூர் வண்டிக்கு மாறுவார்கள். 1980 மகாமகத்தின்போது கும்பகோணம் வரை படிக்கட்டிலும் ஆள் தொங்கியது. டிக்கெட் மலிவு என்பதோடு வேறொரு கணக்கும் இவர்களுக்கு இருந்தது. இரவில் பயணம் செய்தால் பகல் கூலி போகாது. ஊரில் அறை எடுக்க வேண்டாம். பொழுது விடியும்போது வேலை நடக்கிற இடத்தில் இருப்பார்கள். இரவு, குறைந்த கட்டணம், சின்ன ஊரிலும் நிற்பது ஆகிய மூன்றும் சேர்ந்திருந்ததால்தான் அந்த வண்டி அவர்களுக்குப் பயன்பட்டது. மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டாலும் அவர்களால் அதில் போக முடியாது.

ஓர் இரவு வல்லம்படுகையில், சென்னைப் பக்கம் போகும் வண்டி கிளம்ப வேண்டிய நேரத்தில், ஸ்டேஷன் மாஸ்டர் கைவிளக்கோடு என்ஜின் அருகே ஓடிவந்தார். ஒரு தாய், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போக, காய்ச்சலில் துவண்ட பிள்ளையோடு மாட்டுவண்டியில் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார். டிரைவர், நீராவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டார். வண்டியின் கடைசியில் இருக்கும் கார்டும் பச்சை விளக்கைக் காட்டவில்லை. மாட்டுவண்டி வந்து, அந்த அம்மா பெட்டியில் ஏறியபிறகுதான் கிளம்பினோம். தாமதத்தைச் சிதம்பரம் போவதற்குள் ஈடுசெய்ய நான் வியர்வை ஊறக் கரி போட்டேன். மெயிலுக்கு அந்த ஊரில் நிறுத்தமே கிடையாது.

இதையெல்லாம் பழம்பெருமைக்காக எழுதவில்லை. 2020-ல் புதிய கால அட்டவணை வகுத்தபோது, 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் பாசஞ்சர்களை எக்ஸ்பிரஸாக மாற்ற ரயில்வே முடிவெடுத்தது. இரவில் ஓடிய மதுரை–புனலூர் பாசஞ்சரும் அப்படித்தான் எக்ஸ்பிரஸானது. கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர்களிலும் குறைந்தபட்சக் கட்டணமாக 30 ரூபாய் வாங்கியதை 2024 பிப்ரவரியில் மீண்டும் 10 ரூபாயாக்கினார்கள். மனமார வரவேற்கிறேன். ஆனால் அதன் பயன் குறுகிய தூரம் போகிறவர்களுக்குத்தான். இரவு முழுவதும் ஓடி, எல்லா ஊரிலும் நின்று, சாதாரணக் கட்டணம் வாங்கும் வண்டி எங்கள் பாதையில் இன்று இல்லை.

தாம்பரம்–நாகர்கோவில் அந்த்யோதயா எக்ஸ்பிரஸ் முழுக்க முன்பதிவில்லாத வண்டி. இரவில் மெயின் லைன் வழியாகத்தான் ஓடுகிறது. நல்ல ஏற்பாடு. அதில் ஏறும் கூட்டமே தேவை எவ்வளவு என்பதைக் காட்டும். ஆனால் புதுச்சத்திரத்திலும் வல்லம்படுகையிலும் பண்டாரவாடையிலும் அது நிற்பதில்லை. அந்த ஊர்க்காரர் நள்ளிரவில் பெரிய ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடித்தால், டிக்கெட்டைவிட ஆட்டோவுக்கு அதிகம் கொடுக்க வேண்டியிருக்கும்.

அன்று கரியும் தண்ணீரும் சுமந்து, மீட்டர் கேஜில், இரண்டு பயர்மேன்களின் தோள்வலிமையில் ஓட்டிய வண்டியை, இன்று அகலப்பாதையும் மின்சாரமும் இருக்கும்போது ஓட்ட முடியாது என்று யாராவது சொன்னால், டிரைவராக இருந்த என்னால் ஏற்க முடியாது. மின்சார வண்டி நிற்கவும் கிளம்பவும் எடுக்கும் நேரம் எங்கள் ஒய்.பி. எடுத்ததைவிட மிகக் குறைவு. சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே மெயின் லைன் வழியாக இரு திசையிலும் தினமும் ஒரு சாதாரணக் கட்டண இரவு வண்டியை விடுங்கள். விழுப்புரத்துக்குத் தெற்கே எல்லா ஸ்டேஷனிலும் நிற்கட்டும். படுக்க மேல்பலகையும், தண்ணீர் வரும் கழிப்பறையும், கூடைகளை ஏற்ற ஒரு பெட்டியும் இருந்தால் போதும். அடுத்த கால அட்டவணை தயாராவதற்குள் தெற்கு ரயில்வே இதைப் பரிசீலிக்க வேண்டும் என்றும், எங்கள் மாவட்டங்களின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதை எழுத்துமூலம் கேட்க வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வழியாக வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில் டிரைவர்,
மயிலாடுதுறை