அவன் பழிப்புக் காட்டவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பத்தொரு வருடம் ஆரம்பப் பிரிவில் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். 1994இல் என் இரண்டாம் வகுப்பில் ஒரு பெடியன் இருந்தான். "உன்ர பேர் என்ன?" என்று கேட்டால் "உன்ர பேர் என்ன?" என்றே திருப்பிச் சொல்லுவான். முகத்தைப் பார்க்கவும் மாட்டான். பழிப்புக் காட்டுகிறான் என்று நினைத்து எத்தனையோ நாள் அடிமட்டத்தால் அடித்தேன். அழுதுகொண்டும் அதையேதான் சொன்னான்.

இப்போது என் பேரனுக்கு ஐந்து வயது. ஓட்டிசம் உள்ள பிள்ளை. தாகம் எடுத்தால் "தண்ணி வேணுமோ?" என்று வந்து நிற்பான். நாங்கள் கேட்கிற கேள்விதான் அவனுக்குத் தண்ணீர் கேட்கும் சொல். இப்படித் திருப்பிச் சொல்லிச் சொல்லித்தான் இந்தப் பிள்ளைகளில் பலர் பேச்சுக்கு வருகிறார்கள் என்று பேச்சுச் சிகிச்சையாளர் விளக்கினார். எனக்கு அந்தப் பெடியனின் முகம்தான் முன்னுக்கு வந்தது.

ஓட்டிசம் மூளை வளரும் விதத்தில் உள்ள ஒரு வேறுபாடு. பிறக்க முதலே தொடங்கிவிடுகிறது. கைபேசியால் வந்தது, கண்ணூறால் வந்தது, தாய் வேலைக்குப் போனதால் வந்தது என்று என் மகளின் முகத்துக்கு நேரேயே சொன்னார்கள். 1950, 60களில் மேல்நாட்டு வைத்தியர்கள் சிலரும் தாய்க்குப் பாசம் போதாது என்றுதான் எழுதினார்கள். அது பிழையென்று கைவிட்டு எவ்வளவோ காலம். எங்கள் ஊரில் அந்தப் பழி இன்னும் தாயின் தலையில்தான்.

இலங்கையில் 18 முதல் 24 மாதக் குழந்தைகளிடம் செய்து 2009இல் வெளியான ஓர் ஆய்வு, 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் இருப்பதாகக் கண்டது. வருடத்துக்கு முப்பது பிள்ளை என்று வைத்தாலும் என் வகுப்புகளால் பத்துப் பிள்ளைகளாவது போயிருப்பார்கள். எனக்கு நினைவில் நிற்பவன் ஒருவன்தான்.

போன கொடியேற்றத்தில் ஒலிபெருக்கிச் சத்தம் தாங்காமல் பேரன் காதைப் பொத்திக்கொண்டு கத்தினான். "ரெண்டு போட்டால் சரிவரும்" என்றார் பக்கத்தில் நின்றவர். நான் வகுப்பில் சொன்ன அதே வார்த்தை.

வரும் வருடம் அவனுக்கு முதலாம் தரம். அவனைப் போன்ற பிள்ளைகளைப் படிப்பிக்கப்போகும் ஆசிரியர்களிடம் கேட்கிறேன்: "என்னைப் பார்" என்று நாடியைப் பிடித்துத் திருப்பாதீர்கள். பார்க்காமலே கேட்டுக்கொண்டிருப்பான். கேள்வியைத் திருப்பிச் சொன்னால், விடையை நீங்களே ஒருக்கால் சொல்லிக் காட்டுங்கள். படமும் காட்டினால் இன்னும் லேசு.

1995 இடப்பெயர்வுக்குப் பிறகு அந்தப் பெடியனின் குடும்பம் ஊருக்குத் திரும்பவில்லை. அவனுடைய தாய் எங்கிருந்தாவது உங்கள் பத்திரிகையை வாசிப்பவராக இருந்தால், அம்மா, என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் மகன் எனக்குப் பதில் சொல்லத்தான் பார்த்திருக்கிறான்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
கொக்குவில்.