மேசையைச் சுற்றி நான்கு அநாதைகள்

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். உங்கள் வீட்டுச் செய்திகளை உன் தங்கை வழியாக அவ்வப்போது அறிந்துகொள்கிறேன். ஆதலால் நலம் விசாரிப்பை இத்துடன் நிறுத்திவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். நீ ஊரைவிட்டுப் போனபின், பகடை உருட்டி ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் புகுந்து ஆடும் நம் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசைக்கு நான்தான் டஞ்சன் மாஸ்டர், அதாவது கதையை நடத்தும் நடுவர். புதிய கேம்பெயினை, அதாவது புதிய தொடர்கதையை, தொடங்குவதற்காக அண்மையில் ஐந்து பேரும் தத்தம் பாத்திரங்களை எழுதிக்கொண்டு வந்தார்கள். அவர்களில் நால்வருக்குப் பெற்றோர் இல்லை. நால்வரின் கிராமத்தையும் யாரோ எரித்துவிட்டார்கள். மூவர் முக்காடிட்டு, மதுக்கடையின் இருண்ட மூலையில் அமர்ந்து, எவருடனும் பேச மறுப்பவர்கள். நான்காமவர் நம் வக்கீல். தன்னுடைய ஆளும் வாய் திறக்காதவன் என்பதை அரைமணி நேரம் வாதாடி நிறுவினார். ஐந்தாவது உன் தங்கை. அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

விதிநூலில் வகைக்கு ஒன்றும் பஞ்சமில்லை. ஐந்தாம் பதிப்பின் 2014ஆம் ஆண்டு நூலில் எல்ஃப், குள்ளன் போன்ற 9 இனங்கள், பாத்திரத்தின் தொழிலைக் குறிக்கும் 12 வகுப்புகள், 13 பின்னணிகள் இருக்கின்றன. உட்பிரிவுகளைச் சேர்க்காமலே 1404 விதமான ஆட்களை உருவாக்கலாம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட முதல் ஆட்டத்திலோ போர்வீரன், மந்திரவாதி, கிளெரிக் என்னும் பூசாரி என மூன்றே வகுப்புகள்தாம். இவ்வளவு வளர்ந்தும் என்ன பயன்? நம் தாடிக்கார நண்பன், அதுதான் நம் தாடி, நெடுங்காலம் வாழும் எல்ஃபாக வந்தாலும், குள்ளனாக வந்தாலும், பாடித் திரியும் பார்டாக வந்தாலும், சற்று நேரத்தில் காவலாளியின் மடிப்பணத்தில் கைவைக்கும் அதே தாடியாகத்தான் இருக்கிறான்.

கற்பனை வறட்சி என்று நீ ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேண்டியதையெல்லாம் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் உரிமைதான் எல்லோரையும் ஒரே ஆளாக்குகிறது என்று நினைக்கிறேன். அந்த நூலின் புள்ளி முறையையே எடுத்துக்கொள். 27 புள்ளிகளைக் கொண்டு வலிமை, அறிவு முதலான ஆறு திறன்களை 8 முதல் 15 வரை விலைக்கு வாங்க வேண்டும். ஒரு 15இன் விலை 9 புள்ளிகள் என்பதால், மூன்று 15, மூன்று 8 என்று வாங்கினால் மிச்சமின்றிக் கணக்கு முடிகிறது. நம் கணக்கர் ஒவ்வொரு முறையும் அதைத்தான் வாங்குகிறார். போர்வீரனுக்கு அறிவு எதற்கு, மந்திரவாதிக்கு உடல்வலிமை எதற்கு என்று கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு வகுப்பும் செங்கல் அச்சைப்போல ஒரே ஆளை வார்த்துத் தள்ளுகிறது. இத்தனை பேரமும் எதற்காக? 13க்கும் 15க்கும் உள்ள வேறுபாடு, ஒரு செயல் பலிக்குமா என்று பார்க்க உருட்டும் இருபது முகப் பகடையில் ஒரே ஓர் எண். அதாவது 5 சதவீதம்.

ஆகவே, நீ வெறுத்த அந்தப் பழைய முறைக்குத் திரும்பிவிட்டேன். மூன்று ஆறுமுகப் பகடைகளை உருட்டி, கூட்டுத்தொகையை விழுந்த வரிசையிலேயே எழுத வேண்டும். இடம் மாற்றக் கூடாது. சராசரி 10.5; ஒரு 18 விழுவதற்கு 216இல் ஒரு வாய்ப்பு. அதைவிடச் சுவையானது, 1974 நூலின்படி பகடையை உருட்டுபவர் ஆடுபவர்கூட அல்லர், நடுவர்தாம். இதைக் கேட்டதும் இயற்கை நீதிக்கே விரோதம் என்று வக்கீல் எழுந்து நின்றார். நான் உருட்டினேன்.

கணக்கருக்கு வலிமை 15, அறிவு 14, விவேகம் 5 விழுந்தன. நிறையப் படித்த, பலசாலியான, எதையும் யோசிக்காத ஒருவனை அவர் தாமாக ஒருநாளும் எழுதியிருக்க மாட்டார். அந்தப் போர்வீரன் பாழடைந்த கோயிலின் சுவரெழுத்துகள் அனைத்தையும் உரக்கப் படித்துக்கொண்டே போனான். படிக்கக் கூடாத ஒன்றையும் படித்தான். தாடிக்குக் கைவேகம் 6. முதன்முறையாக அவன் ஒரு காவலாளியிடம் பேசிப் பார்க்க வேண்டியதாயிற்று. உன் ஆணையாகச் சொல்கிறேன், நன்றாகவே பேசினான்.

இன்னொரு நிபந்தனையும் விதித்தேன்: ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உயிரோடு ஓர் உறவினரும், அடைக்க வேண்டிய ஒரு கடனும் இருக்க வேண்டும். அநாதைக்கு எங்கும் போக வேண்டியதில்லை, எவருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் அவனை எழுதுவது அத்தனை சுலபம். வயதிலும் கைவைக்க ஆசை. 1977இல் வந்த டிராவலர் என்ற விண்வெளி ஆட்டத்தில் பாத்திரத்தின் பணிக்காலத்தை நான்கு நான்கு ஆண்டுகளாகப் பகடையால் நகர்த்துவார்கள். ஆட்டம் தொடங்குமுன்பே ஆள் செத்தும் போகலாம், பிழைத்தால் நாற்பதைத் தாண்டிய ஓய்வுபெற்ற சிப்பாயாக வந்து நிற்கலாம். நம் மேசையில் இருபத்தைந்து வயதைத் தாண்டிய ஒருவரை நீ பார்த்திருக்கிறாயா? நூற்றுப்பத்து வயது எல்ஃப்கூடக் கல்லூரி மாணவனைப்போல் அல்லவா பேசுகிறது!

இனி உன் தங்கை. வழக்கமான அதே பலாடினோடு, அதாவது புனிதப் போராளியோடு, வந்தாள். அதே பெயர், அதே கேடயம். வரிசையாக உருட்டப்போகிறேன் என்றபோது, “அண்ணா, எனக்கு மட்டும் வேண்டாம்” என்றாள். ஏன் என்று கேட்டேன். நாள் முழுவதும் அலுவலகத்தில் பிறர் செய்த தவறுகளுக்குத் தலைகுனிந்து பதில் சொல்வதாகவும், வாரத்தில் ஒரு மாலையாவது கதவை உதைத்துக்கொண்டு உள்ளே போகும் ஒருத்தியாக இருக்க விரும்புவதாகவும் சொன்னாள். மேசை அமைதியாகிவிட்டது. வகை வேண்டும் என்று இத்தனை பக்கம் எழுதும் எனக்கு அவளிடம் சொல்ல ஒன்றும் இல்லை; பலாடினை அப்படியே விட்டுவிட்டேன். ஆனால் அவளுக்கு அளித்த சலுகையை வக்கீலுக்கு மறுத்தது சரிதானா என்பது இன்னும் தீரவில்லை. அவருடைய பேசாத ஆளுக்குப் பின்னாலும் ஏதாவது இருக்கலாம். நாளெல்லாம் பேசியே பிழைக்கும் மனிதர் அவர். உன் கருத்தை எழுது, சுருக்கமாக வேண்டாம்.

வரும் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு நீயும் காணொளியில் கலந்துகொள்கிறாய். மறுக்க வழியில்லை, ஏனென்றால் நடுவர் என்ற முறையில் உனக்கும் உருட்டிவிட்டேன்: வலிமை 7, அறிவு 9, விவேகம் 14, உடலுறுதி 8, கைவேகம் 11, கவர்ச்சி 15. வகுப்பை நீயே தீர்மானித்துக்கொள். கடன் யாரிடம், எவ்வளவு என்பதைச் சனிக்கிழமைக்குள் எனக்குத் தெரிவித்துவிடு. கடன்காரரை நான் எழுதியாக வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய கிளெரிக்